ட்ரேசி சாப்மன் ஒரே பாடலோடு மறைந்துபோன பாடகியா? 35 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாடலுக்கு எப்படி விருது கிடைத்தது?

2024-ஆம் ஆண்டின் அமெரிக்க இசை விருதான கிராமி விழாவில், 'கண்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற மரபு இசையைப் பாடும் லூக் கோம்ப்ஸோடு சேர்ந்து 'ஃபாஸ்ட் கார்' பாடிய பெண்மணி யார், ஒரே பாடலோடு அவர் ஏன் காணாமல் போனார், 1988-இல் வெளிவந்த பாடலுக்கு 2023-இல் எப்படி விருது கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரேசி சாப்மன் காணாமல் போகவில்லை. 1988 முதல் 2008 வரை எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டு, நான்கு கிராமி விருதுகளையும் பெற்றவர் அவர். மேடையையும் விளம்பரத்தையும் விட்டு அவர் விலகி இருந்தது உண்மைதான். ஆனால் சொல், மெட்டு இரண்டையும் தானே ஆக்கி, அவற்றின் உரிமையைத் தொடக்கத்திலிருந்தே கருத்தாகப் பேணிய ஒருவரால்தான் அப்படி விலகி இருக்க முடியும் என்பது என் கருத்து. அதை விளக்குவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அவர் 1964 மார்ச் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது பெற்றோர் பிரிந்துவிட, அவரையும் அக்காவையும் தாயே தனியாக வளர்த்தார். கையில் பணம் இல்லாத நிலையிலும் இசையில் மகளுக்கிருந்த நாட்டத்தைக் கண்ட அந்தத் தாய், சிறு வயதிலேயே கிதார் போன்ற சிறிய கருவியான யூகுலேலே ஒன்றை வாங்கிக் கொடுத்தார். எட்டு வயதில் கிதார் வாசிப்பதும் பாட்டு எழுதுவதும் தொடங்கிவிட்டன. கிதார் மீது ஆசை வருவதற்கு 'ஹீ ஹா' என்ற கண்ட்ரி இசைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி காரணமாக இருந்திருக்கலாம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கறுப்பின மக்கள் கண்ட்ரி இசைக்கு வெளியே நிற்பவர்கள் என்ற எண்ணம் அமெரிக்காவில் வெகுகாலம் ஊன்றியிருந்ததால், 2023-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு தகவலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழைக் குடும்பங்களிலிருந்து வரும் திறமையான மாணவர்களை நல்ல பள்ளிகளில் சேர்க்கும் 'எ பெட்டர் சான்ஸ்' என்ற திட்டத்தின் வழியாக அவர் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் உள்ள வூஸ்டர் பள்ளிக்குச் சென்றார். அங்கே பள்ளியின் மதகுரு எல்லோரிடமும் நிதி திரட்டி அவருக்கு நல்லதொரு கிதார் வாங்கிக் கொடுத்தார். பிறகு பாஸ்டனுக்கு அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்துக்கொண்டே, ஹார்வர்டு சதுக்கத்தின் தெருவோரங்களிலும் காபிக் கடைகளிலும் பாடினார்.

இந்த இடத்தில் நடந்த ஒன்றை அவரைப் பற்றி எழுதுபவர்கள் வேடிக்கையான துணுக்காகவே கடந்துவிடுகிறார்கள். நான் அதை அவருடைய வாழ்க்கையின் திறவுகோலாகப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி நிலையத்தில் தன் பாடல்களை அவர் முதன்முதலாகப் பதிவு செய்தபோது, ஆல்பம் வெளியிடுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. தன் பாடல்களுக்குப் பதிப்புரிமைச் சான்று வேண்டும் என்பதற்காகவே அந்தப் பதிவைச் செய்தார். அதற்கு ஈடாக அவற்றை ஒலிபரப்பும் அனுமதியை நிலையத்துக்குக் கொடுத்தார். அவர் பாடுவதைக் கேட்டு வியந்த சக மாணவர் பிரையன் கோப்பல்மன், இசைப் பதிப்பு நிறுவனம் நடத்திவந்த தன் தந்தையிடம் அவரைச் சேர்த்துவிட எவ்வளவோ முயன்றும், சாப்மன் உடனே மசிந்துவிடவில்லை. கடைசியில் அந்த மாணவர் நிலையத்திலிருந்து ஓர் ஒலிநாடாவைப் பிரதி எடுத்துத் தந்தையிடம் கொண்டுபோய்க் கேட்க வைத்தார். அந்த வழியாகத்தான் எலெக்ட்ரா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது. கேட்க ஆளில்லாத காலத்திலேயே தன் பாட்டின் உரிமையைப் பற்றி யோசித்த அந்த இளம்பெண்ணின் தெளிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

டேவிட் கெர்ஷென்பாம் தயாரித்த முதல் ஆல்பம் அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்டு 1988 ஏப்ரலில் வெளிவந்தது. அதிலுள்ள 11 பாடல்களையும் எழுதியவர் அவர் ஒருவரே. சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் பேரொலியும் ஆண்ட அந்தக் காலத்தில் ஒரு கிதாரையும் தாழ்ந்த குரலையும் நம்பி வந்த ஆல்பம் அது. 'பிஹைண்ட் தி வால்' என்ற பாடலில் அந்தக் கிதாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு பெண் அடிபடும் ஓசையையும், அழைத்தால் தாமதமாகவே வரும் காவல்துறையையும் வெறும் குரலால் பாடியிருக்கிறார்.

உலகம் அவரைக் கவனித்தது 1988 ஜூன் 11 அன்று. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70-ஆம் பிறந்தநாளை முன்னிட்டு லண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் நடந்த நிகழ்ச்சி அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பாயிற்று. சாப்மன் பிற்பகலிலேயே தன் முறைக்குப் பாடி முடித்துவிட்டார். மாலையில் ஸ்டீவி ஒன்டர் மேடையேற வேண்டிய நேரத்தில், அவருடைய இசைக்கருவிக்குத் தேவையான ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதால் அவர் பாட மறுத்து வெளியேறிவிட்டார். அந்த இடைவெளியை நிரப்ப, பின்னணி இசைக்குழு எதுவும் தேவைப்படாத சாப்மனை மீண்டும் அழைத்தார்கள். ஒற்றை கிதாரோடு வந்து அவர் 'ஃபாஸ்ட் கார்' பாடினார். அதன்பின் ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. உலகம் முழுவதும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அறிமுகமில்லாத பாடகியின் மெல்லிய பாட்டு ஒன்று, பெருங்கச்சேரிக்காகக் காத்திருந்த பல்லாயிரம் பேரை அமைதியாகக் கேட்க வைத்ததற்கு அந்தப் பாட்டின் ஆக்கமே காரணமாக இருக்க முடியும்.

அந்த ஆக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். குடிகாரத் தந்தையை விட்டுத் தாய் போய்விட்டதால் படிப்பை நிறுத்தி அவரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண், கார் வைத்திருக்கும் தன் துணையோடு ஊரை விட்டுக் கிளம்புகிறாள். ஆதரவற்றோர் விடுதியில் தங்கி, பல்பொருள் அங்காடியில் கல்லாவில் வேலை பார்த்து, ஒருநாள் சொந்த வீட்டுக்குக் குடிபோகலாம் என்று கணக்குப் போடுகிறாள். ஆண்டுகள் ஓடியபின் வீட்டுச் செலவு முழுவதும் அவள் சம்பளத்தில் நடக்கிறது. துணையோ மதுக்கடையில் நண்பர்களோடு இருக்கிறது. சரணங்கள் எல்லாம் ஒரே கிதார்ச் சுழலின் மேல் கூலியும் வாடகையுமாக நகர்கின்றன. பல்லவி வரும்போதுதான் தாளவாத்தியம் உயர்ந்து, நகர விளக்குகளுக்கு நடுவே வேகமாகப் போன ஓர் இரவின் நினைவு விரிகிறது. மகிழ்ச்சி முழுவதையும் கடந்தகாலத்தில் வைத்துவிட்டு நிகழ்காலத்துக்குக் கணக்கு வழக்கை மட்டும் விட்டிருப்பதுதான் இந்தப் பாட்டின் துயரம். தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவாக அவள் சொன்னதை, இறுதியில் துணையிடம் மட்டும் சொல்லி, காரை எடுத்துக்கொண்டு போய்விடச் சொல்கிறாள். வறுமையைப் பாடிய பாடல்கள் நிறைய உண்டு, ஆனால் வறுமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படி இறங்குகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறொரு பாடலை நான் அறியேன்.

அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று அவர் புது தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கிலும் பாடினார். மனித உரிமைப் பிரகடனத்தின் 40-ஆம் ஆண்டையொட்டி ஆம்னஸ்டி அமைப்பு நடத்திய உலகச் சுற்றுப்பயணம் அது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், யூஸூ என்தூர் ஆகியோர் உடன் வந்திருந்தார்கள். 1989 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞர் உட்பட மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. அதன்பின் வந்த இரண்டு ஆல்பங்கள் முதலாவதைப் போல விற்கவில்லை. ஒரே பாடலோடு முடிந்தவர் என்ற கூற்றுக்கு 1995-இல் வெளிவந்த 'நியூ பிகினிங்' ஆல்பமே போதுமான மறுப்பு. அதிலுள்ள 'கிவ் மீ ஒன் ரீசன்' என்ற புளூஸ் பாடல் 1996-இல் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. 'ஃபாஸ்ட் கார்' அந்தப் பட்டியலில் எட்டியது ஆறாம் இடம்தான். சிறந்த ராக் பாடலுக்கான கிராமியும் 'கிவ் மீ ஒன் ரீசன்' பாடலுக்குக் கிடைத்தது.

2008-இல் 'அவர் பிரைட் ஃபியூச்சர்' வந்தது. அதற்குப் பின் புதிய ஆல்பம் இல்லை. 2009-க்குப் பிறகு சுற்றுப்பயணமும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் அமைதியாக வாழ்ந்துகொண்டு, ஒரு திரைவிழாவில் நடுவராக இருப்பது, 2020 தேர்தலுக்கு முந்தைய இரவு தொலைக்காட்சியில் ஒரு பாடல் பாடுவது என்று தான் விரும்பிய அளவுக்கு மட்டும் வெளியே வந்தார்.

அந்த அமைதிக்குள்ளும் அவர் தன் பாடல்களைக் காத்து நின்றார் என்பதற்கு 2018-இல் தொடங்கிய வழக்கு சான்று. ராப் பாடகி நிக்கி மினாஜ், சாப்மனின் 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாடலின் பெரும்பகுதியைத் தழுவி ஒரு பாடலை உருவாக்கிவிட்டு அனுமதி கேட்க, சாப்மன் மறுத்துவிட்டார். இருந்தும் அந்தப் பாடல் வானொலியில் ஒலித்தது. ஸ்டுடியோவுக்குள் செய்துபார்ப்பது அனுமதியின்றியே சட்டம் ஏற்கும் 'நியாயமான பயன்பாடு'தான் என்று நீதிமன்றம் சொன்னாலும், வெளியே பரவியது பற்றிய பகுதி விசாரணைக்கு வருவதற்கு முன்பே, 2021-இல் சாப்மனுக்கு 4,50,000 டாலர் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது.

அப்படியானால் லூக் கோம்ப்ஸ் மட்டும் 2023-இல் 'ஃபாஸ்ட் கார்' பாடலை எப்படிப் பாடிப் பதிவு செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியாகிவிட்ட பாடலை அதன் அடிப்படை மெட்டையும் தன்மையையும் மாற்றாமல் யாரும் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். தனி அனுமதி தேவையில்லை, நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைக் கொடுத்தால் போதும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 1988-இல் 5.25 சென்ட்டாக இருந்த அந்தத் தொகை 2023-இல் 12 சென்ட் ஆனது. இதைவிட முக்கியமானது வானொலி. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் பாடலை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம் கொடுக்கின்றன, பாடியவருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே கோம்ப்ஸின் பதிவு 2023 ஜூலையில் கண்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, அந்த ஒலிபரப்பின் பலன் வேறு எந்தப் பாடலாசிரியரோடும் பங்கு பிரியாமல் சாப்மனின் பாட்டுக்கு வந்தது. அந்தப் பட்டியலின் முதலிடப் பாடல் ஒன்றைத் தனியாக எழுதிய முதல் கறுப்பினப் பெண் என்ற இடமும் அவருக்கு உரியதாயிற்று.

நீங்கள் கேட்ட விருது, கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 2023 நவம்பரில் கொடுத்த ஆண்டின் சிறந்த பாடல் விருது. அது பாட்டை எழுதியவருக்கு உரிய விருது என்பதால், பாடல் எப்போது முதலில் வெளிவந்தது என்பது தடையாகவில்லை. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். விழாவுக்கு வராமல் நன்றிச் செய்தி மட்டும் அனுப்பினார். கோம்ப்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுவனாகத் தந்தையின் வண்டியில் கேட்டு நேசித்த பாட்டை, கல்லாவில் நிற்கும் பெண்ணை ஆணாக மாற்றக்கூட முற்படாமல் அப்படியே பாடினார். 2024 பிப்ரவரி 4 அன்று கிராமி மேடையில் சாப்மன் அந்தக் கிதார்ச் சுழலைத் தொடங்கியபோது, கோம்ப்ஸ் அவரைப் பார்த்தபடி வரிகளைத் தானும் முணுமுணுத்து நின்றதைக் காணொளியில் கவனியுங்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவதாக இருந்தால் முதல் ஆல்பத்தின் 11 பாடல்களையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள், பிறகு 'நியூ பிகினிங்', அதன்பின் 2000-இல் வந்த 'டெல்லிங் ஸ்டோரீஸ்'. முதல் ஆல்பம் 2025 ஏப்ரலில் வினைல் தட்டாக மறுபடி வெளிவந்திருக்கிறது. அதையொட்டி அளித்த பேட்டியில், தான் இணைய ஸ்ட்ரீமிங் சேவைகளில் இசை கேட்பதில்லை என்றும், குறுந்தகடோ தட்டோ வாங்கினால்தான் கலைஞருக்குப் பணம் போய்ச் சேரும் என்றும் சாப்மன் கூறியிருந்தார். உங்களால் இயலுமானால் ஒரு பிரதியை வாங்கியே கேளுங்கள்.