ஜெர்மனியில் இடைக்கால ஊர் பார்க்க ரோத்தன்பர்க்தான் போக வேண்டுமா?

பெற்றோர் ஜெர்மனிக்கு வருகிறார்கள், இடைக்காலக் கட்டடங்கள் உள்ள பழைய ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும், அதற்கு ரோத்தன்பர்க்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். "எல்லாப் பழைய ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒன்றைப் பார்த்தால் போதும் என்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். அப்படிச் சொன்னவர்கள் எந்த ஊரிலும் ஒரு வீட்டின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். குவேட்லின்பர்க் போங்கள்.

நீங்கள் மியூனிக் பக்கமோ ஃபிராங்ஃபர்ட் பக்கமோ வேலையில் இருப்பீர்கள், வார இறுதிகளில்தான் அப்பா அம்மாவுக்கு ஊர் காட்ட முடியும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு எல்லோரும் சொல்லும் பட்டியலில் முதலில் ரோத்தன்பர்க், அடுத்தது நொய்ஷ்வான்ஸ்டைன். இரண்டாவது இடைக்காலத்தைச் சேர்ந்ததே அல்ல. பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. நம்மவர்கள் போடும் காணொளிகளில் அதை "இடைக்காலக் கோட்டை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் திருத்துவதில்லை.

ரோத்தன்பர்க் விரும்பிகள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த ஊரை நான் குறை சொல்லவில்லை. மதில் மேல் நடக்கலாம். புனித யாக்கோபு தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடர் என்ற பழைய சிற்பி செதுக்கிய மர பீடம் ஒன்றுக்காகவே அங்கே போகலாம். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் ஒரு பெரும் பகுதி எரிந்துபோக, பிறகு பழைய சாயலிலேயே எழுப்பினார்கள். அதைப் "போலி" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே கூட்டம் அதிகம். கூட்டத்தில் பெற்றோரின் கண் வீட்டின் மேல் போகாது, காலடியில்தான் இருக்கும்.

குவேட்லின்பர்க் கிழக்கே, சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. போரில் பெரும்பாலும் தப்பிய ஊர். மரச்சட்டங்களைக் கூடாகப் பூட்டி நடுவே சுவர் அடைத்த மரச்சட்ட வீடுகள் 2,000-க்கும் மேல் நிற்கின்றன. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை தச்சர்கள் எப்படி எப்படிக் கட்டினார்கள் என்பதை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு நடந்தே பார்த்துவிடலாம். 1994-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது.

பழைய ஊரை ஒட்டி மணற்கல் குன்று. அதன் மேல் புனித செர்வாட்டியுஸ் தேவாலயம். 936-இல் இறந்த அரசர் முதலாம் ஹென்றியை அங்கேதான் புதைத்தார்கள். அவருடைய மனைவி மட்டில்டாவும் மகன் ஓட்டோவும் அதே ஆண்டு அங்கே உயர்குடிப் பெண்களுக்கான மடம் ஒன்றை நிறுவினார்கள். அந்த மடத்தின் தலைவிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊரை ஆண்டார்கள். ஊர் வணிகர்கள் பணம் சேர்ந்ததும் எதிர்த்துப் பார்த்தார்கள். 1477-இல் மடத் தலைவி ஹெட்விக் தன் சகோதரர்களின் படையை வரவழைத்து ஊரைப் பணியவைத்தார். ஊரின் சுதந்திரத்துக்கு அடையாளமாகச் சந்தைத் திடலில் நின்ற ரோலண்ட் சிலையை அப்போது உடைத்தார்கள். மறுபடி அது நிமிர்ந்தது 1869-இல். இப்போது நகர்மன்றக் கட்டடத்தின் அருகே நிற்கிறது. உங்கள் அம்மாவுக்கு இந்தக் கதையை அந்தச் சிலையின் முன்னால் வைத்துச் சொல்லுங்கள். அரசர் கதையைவிட இது பிடிக்கும்.

இனி என் கதை. என் அப்பா தச்சர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நிலை, கதவு, ஜன்னல், ஊஞ்சல் என்று நாற்பது வருடத்துக்கு மேல் உளியும் கொட்டாப்புளியுமாக இருந்தவர். நான் இதே மாநிலத்தில் உள்ள மாக்டேபர்க்கில் படித்து அங்கேயே வேலையில் சேர்ந்த பிறகு அவரை அழைத்து வந்தேன். பெர்லின் காட்டினேன், பார்த்தார். பெரிய கட்டடங்களைக் காட்டினேன், "நன்றாக இருக்கிறது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

குவேட்லின்பர்க்கில் வோர்ட்காஸே என்ற சின்னத் தெருவில் மூன்றாம் எண் வீட்டுக்கு அழைத்துப் போனேன். 14-ஆம் நூற்றாண்டு வீடு, ஜெர்மனியில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரச்சட்ட வீடுகளில் ஒன்று. 1965 வரை ஆட்கள் குடியிருந்தார்கள், இப்போது அருங்காட்சியகம். தூண்கள் அடியிலிருந்து கூரை விளிம்பு வரை ஒரே மரம், இடையில் ஒட்டு இல்லை. அப்பா உள்ளே போகவே இல்லை. வெளியே நின்று, உத்திரத்தின் நுனி தூணைத் துளைத்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, இந்த வீட்டில் இரும்பாணி எங்கே இருக்கிறது என்று காட்டு" என்றார். சட்டங்களைப் பூட்டியிருந்தது எல்லாம் மர ஆணிகள்.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருத் தெருவாக அவர்தான் என்னை அழைத்துப் போனார். ஒரு வீட்டின் சட்டங்களில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு குறுக்குக் கோடு. நான் ஏதோ கீறல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அவர் சொன்னார்: "இந்தப் பக்கச் சுவர் முழுவதையும் முதலில் தரையில் படுக்கவைத்துப் பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பிரித்து, எண் போட்டு, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்." பின்னர் அருங்காட்சியகத்தில் கேட்டபோது, ரோமன் எண் முறையில் தச்சர்கள் இட்ட குறிகள்தான் அவை என்றார்கள். அப்பாவுக்கு ரோமன் எண் தெரியாது. தொழில் தெரியும்.

மேல்மாடி ஏன் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். மழை கீழ்ச்சுவரில் வழியாது, உத்திர நுனியில் மேல்சுவரின் பாரம் உட்காருவதால் அறையின் நடுவில் உத்திரம் தொய்யாது, மாடியில் இடமும் கிடைக்கும் என்று மூன்று காரணங்களை நடந்துகொண்டே சொன்னார். சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பிய சுவரைப் பார்த்ததும், "வரிச்சு கட்டி மண் பூசியிருக்கிறார்கள்" என்று அவராகவே கண்டுபிடித்தார். ஷ்டீக் தெருவில் 1580-இல் கட்டிய வீடு ஒன்று உண்டு. தூண் அடிகளில் விசிறி விரித்த மாதிரி அரைவட்டப் பூக்கள் செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து, "இவர் இடக்கைக்காரர்" என்றார். எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும்விட ஒன்று. ஒரு சந்தில் சாரம் கட்டி ஒரு வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். அடிச்சட்டம் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. வீட்டைத் தாங்கு கொடுத்து உயர்த்தி, உளுத்த சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புது ஓக் சட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கால்சட்டை அணிந்த தச்சர் ஒருவர் தூணின் கால்நுனியைச் செதுக்கி முடித்து ஆணிக்குத் துளையிட்டிருந்தார். அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தூணின் துளையையும் சட்டத்தின் துளையையும் மாற்றி மாற்றிக் கை காட்டினார். பிறகு கட்டைவிரல் நகத்தைச் சுட்டுவிரலில் வைத்து ஒரு நூல் அளவு தள்ளிக் காட்டினார். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் இல்லை, வேண்டுமென்றே ஒரு நூல் விலக்கி இட்டிருக்கிறார்கள். ஆணியை அடிக்க அடிக்க அது பூட்டை, அதாவது இரண்டு மரமும் சேரும் இணைப்பை, இழுத்து இறுக்கும். அந்தத் தச்சர் வேலையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். தலையாட்டினார். ஒரு மர ஆணியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். எட்டுப் பட்டையாகச் சீவிய ஓக் ஆணி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. கால் மணி நேரம் பேசினார்கள்.

சொந்த அப்பாவைப் பெருமையடிக்கவே இதை எழுதுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆமாம், பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் இருக்கக் கூடாது? இதே மனிதருக்கு விசா வாங்க நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். சம்பளச் சீட்டு கேட்டார்கள். தச்சருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பார்கள்? வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் விழவில்லை, திரும்பிப் போவார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று முதல் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். பட்டறை இருக்கிறது, வீடு இருக்கிறது, முன்பணம் வாங்கிய வேலை பாதியில் நிற்கிறது. இதைவிடப் பெரிய ஆதாரம் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் திரும்பிப் போவது உறுதி, நாற்காலியைச் செய்பவருக்கு இல்லையா? கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், தெரியும். உங்கள் பெற்றோருக்கு ஓய்வூதியச் சான்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் நிலப் பத்திரம், தொழில் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் முதல் முறையே சேர்த்து வையுங்கள்.

அடுத்து, "கிழக்கு ஜெர்மனியா, அங்கே போகாதீர்கள்" என்று கருத்து எழுதப் போகிறவர்களுக்கு. வெளிநாட்டவரை வெறுப்பவர்கள் இங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாக இங்கே வாழ்கிறேன், எனக்கும் கசப்பான அனுபவங்கள் உண்டு. ஆனால் அதை வைத்து ஒரு மாநிலத்தையே வரைபடத்திலிருந்து அழிப்பது நியாயமில்லை. இந்த ஊர் இன்று நிற்பதே ஒரு போராட்டம். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பழைய ஊரை இடித்துவிட்டுப் புது நகர மையம் கட்டத் திட்டம் போட்டார்கள். பணம் இல்லாததால் முழுவதும் நடக்கவில்லை. 1980-களில் போலந்தின் தோருன் நகரிலிருந்து மரபுக் கட்டட வல்லுநர்களை வரவழைத்துச் சில வீடுகளைக் காப்பாற்றினார்கள். ஜெர்மனி ஒன்றானபோதுகூட எத்தனையோ வீடுகள் விழும் நிலையில் இருந்தன.

தேவாலயத்தின் கருவூலத்தையும் விட்டுவிடாதீர்கள். 1945-இல் அமெரிக்க ராணுவத்தினர் ஒருவர் அங்கிருந்த பொற்பேழைகளையும் சுவடிகளையும் எடுத்துத் தபாலில் டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டார். அவர் இறந்த பிறகு வாரிசுகள் விற்க முயன்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரும்பாலானவை 1993-இல் திரும்பி வந்தன. நம் கோயில் சிலைகள் போன கதையும் வந்த கதையும் தெரிந்தவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் சும்மா நடந்து போக மாட்டார்கள்.

போகும் வழி: மாக்டேபர்க்கிலிருந்து ஹால்பெர்ஷ்டாட் வழியாக தாலே போகும் ரயிலில் ஏறினால் குவேட்லின்பர்க்கில் இறங்கலாம். வட்டார ரயில்தான், நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லுபடியாகும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். தெற்கிலிருந்து வருவதானால் ஒரு நாளில் போய்த் திரும்ப முயல வேண்டாம், ஓர் இரவு தங்குங்கள். தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. சக்கரப் பெட்டி இழுக்க முடியாது, செருப்பு போட்டு நடக்கவும் முடியாது. அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் குன்றின் மேல் மெதுவாக ஏற நேரம் ஒதுக்குங்கள், அல்லது எதிரே உள்ள ம்யூன்ட்ஸன்பெர்க் மேட்டை விட்டுவிடுங்கள். வேறொரு பழைய மடத்தின் இடிபாடுகள் மேலேயே ஏழைகள் வீடு கட்டிக் குடியேறிய இடம் அது, பார்க்க வேண்டியதுதான், ஆனால் இரண்டு ஏற்றமும் ஒரே நாளில் பெரியவர்களுக்கு அதிகம்.

எல்லோரும் சந்தைத் திடலில் தொடங்குவார்கள். நீங்கள் வோர்ட்காஸே வீட்டில் தொடங்குங்கள். அந்த ஒரு வீட்டில் தூண் எது, உத்திரம் எது, பூட்டு எங்கே என்று பெற்றோருக்குக் காட்டிவிட்டால் மற்ற வீடுகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.