பதில்: பார்வையற்றவர் இருக்கும் அரங்கில் மழை வரைபடம்

வணக்கம். பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் உங்கள் உரையைக் கேட்க வருகிறார் என்றும், சிவப்பு, பச்சைக் கோடுகளாலான மழையளவு வரைபடமே உரையின் மையம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

"இந்தப் படத்தில் காண்பதுபோல" என்ற தொடரை முதலில் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, "கிடையச்சில் ஆண்டுகள், நிலையச்சில் மழை மில்லிமீட்டரில், சென்னையின் கோடு 2015இல் உயர்ந்து, மறு ஆண்டே சரிகிறது" என்று வாய்விட்டுச் சொன்னால், அவருக்கு மட்டுமன்றி, கடைசி வரிசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் அரங்கில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, ஊரின் பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுங்கள். வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. புரொஜெக்டர் நிறங்களை வெளிறச் செய்வதால், நான் அதற்கும் மேலேயே வைப்பேன்.

ஸ்லைடுகளின் கோப்பை முன்கூட்டியே அந்த ஆய்வாளருக்கு அனுப்புங்கள், ஆனால் அதற்குமுன் எழுத்துருவைச் சரிபாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட 'தமிழ்' என்ற சொல், திரையிலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும் (நம்மவர் பலரும் இன்னும் இதை விடவில்லை). எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலைப்பும், படத்துக்கு மாற்று விவரிப்பும் (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்துக் குறிப்பு) சேர்த்தபின் அனுப்புங்கள்.