கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமா?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு குழந்தைகள். சின்னவனுக்கு ஒன்றேகால் வயது. சிசேரியனில் பிறந்தவன், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். ஆணுறை பயன்படுத்தியும் நாள் தள்ளிப் போய்விட்டது. ஸ்கேன் எடுத்ததில் ஏழு வாரம் என்றார்கள். இன்னொரு குழந்தையைச் சுமக்க எனக்கு உடம்பிலும் தெம்பு இல்லை, மனதிலும் தெம்பு இல்லை. கணவரும் மாமியாரும், ‘பெத்துப் போடு, தானா வளர்ந்துடும்’ என்கிறார்கள். தனியாக ஒரு கிளினிக்குக்குப் போனேன். ‘வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் செய்ய மாட்டோம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? இப்போது கலைத்தால் கர்ப்பப்பை கெட்டுவிடுமா? நான் நினைப்பது தவறா, டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இந்த விஷயத்தில் ஒவ்வொரு நாளும் முக்கியம் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இதே இடத்தில் நிற்கும் மற்ற பெண்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கையெழுத்து. உங்கள் கணவரின் கையெழுத்து தேவையில்லை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 18 வயது நிறைந்த, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். அப்பா, அம்மா, கணவர், மாமியார் யாருடைய ஒப்புதலையும் சட்டம் கேட்கவில்லை. ஒப்புதல் வாங்கும் படிவத்துக்கு ‘ஃபார்ம் சி’ என்று பெயர். இன்னாரின் மகள் அல்லது மனைவி, இத்தனை வயது, இந்த முகவரி, என் கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான் அந்தப் படிவம். கணவரின் பெயர் வரக்கூடிய ஒரே இடம் அந்த முதல் வரி. அங்கேயும் அப்பா பெயரை எழுதினால், கணவர் பெயர் எங்குமே வராது. அடியில் காப்பாளருக்கென்று ஒரு பகுதி உண்டு. அது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மட்டுமே.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? பழக்கம், பயம் இரண்டும்தான். பிள்ளைப்பேற்றை நிரந்தரமாக நிறுத்தும் அறுவை சிகிச்சைக்குக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அதைக் கொண்டுவந்து கருக்கலைப்போடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சண்டை போடுவாரோ, வழக்குப் போடுவாரோ என்று அஞ்சும் மருத்துவர்களும் உண்டு. அப்படி ஒரு வழக்கு உண்மையிலேயே நடந்தது. தன் சம்மதம் இல்லாமல் மனைவி கருவைக் கலைத்தார் என்று ஒரு கணவர் மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் நஷ்டஈடு கேட்டுப் போனார். பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் அவருக்கு அந்த உரிமை இல்லை என்றது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. 2022 செப்டம்பர் 29 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகவே பேசியது: குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது. என் சக மருத்துவர்களிடம் நான் உரிமையோடு கேட்பதும் இதைத்தான். வாசலில் நிற்கும் பெண்ணைக் கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். அவள் வீட்டுக்குப் போகிறாளா, மருந்துக் கடைக்குப் போகிறாளா, வேறு யாரிடம் போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது.

20 வாரம் வரை ஒரே ஒரு தகுதிபெற்ற மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை தோற்றுப்போய் உண்டான கர்ப்பம், பெண்ணின் மனநலத்துக்குப் பெரும் பாதிப்பு என்றே சட்டம் கொள்கிறது. உங்கள் நிலை நேராக இதற்குள் வருகிறது. 2021 திருத்தத்துக்கு முன்பு இந்த இடத்தில் ‘மணமான பெண் அல்லது அவள் கணவர்’ என்று இருந்தது. இப்போது ‘பெண் அல்லது அவளுடைய துணைவர்’ என்று மாறியிருக்கிறது. மணமாகாத பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில சூழ்நிலைகளில், இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முடிவை நேரடியாகப் பெண்ணின் கையில் கொடுக்காமல், மருத்துவரின் கருத்து என்ற வாசல் வழியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் இருப்பவர் மனசாட்சி உள்ளவராக இருந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் நீங்கள் பட்டதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலைக்கச் சம்மதிக்கும் அதே கையெழுத்துதான், வேண்டும் என்று நினைக்கும் பெண்ணையும் காக்கிறது. ‘இதுவும் பொண்ணாத்தான் இருக்கும், கலைச்சுடு’ என்று இழுத்துவரப்படும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் ஆயுள் சிறைவரை தண்டனை உண்டு. வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இனி உடம்பு. மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரையே விஷம் என்பதல்ல என் கவலை; சரியான முறையில் எடுத்தால் அது நன்றாக வேலை செய்கிற, பாதுகாப்பான மருந்து. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கரு கர்ப்பப்பைக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கருக்குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி உயிருக்கு ஆபத்தாகும். உங்களுக்கு சிசேரியன் ஆகியிருப்பதால், பழைய தழும்பின் மேல் கரு ஒட்டியிருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். இது அபூர்வம்தான், ஆனால் கவனிக்காமல் விடக் கூடாதது. ரத்தசோகை இருக்கிறதா, ரத்த வகை நெகட்டிவா என்பதும் தெரிய வேண்டும். இதையெல்லாம் கடைக்காரர் கேட்க மாட்டார்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி ஒன்பது வாரம் வரை மாத்திரையால் கலைக்க நம் விதிகள் அனுமதிக்கின்றன. முதல் மாத்திரை, கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். ஒன்று இரண்டு நாள் கழித்து எடுக்கும் இரண்டாவது மருந்து, கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றும். அன்று வயிற்று வலியும் உதிரப்போக்கும் மாதவிலக்கைவிடக் கடுமையாக இருக்கும், ரத்தக் கட்டிகளும் வெளியேறும். வலி மாத்திரையைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நீடித்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், தலைசுற்றி மயக்கம் வந்தாலும் அப்படியே. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மாத்திரை வேண்டாம் என்றால் உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். இன்னும் சுரண்டி எடுக்கும் ‘டி அண்ட் சி’யைத்தான் செய்வோம் என்று யாராவது சொன்னால், வேறு இடம் தேடுங்கள். அந்தப் பழைய முறையைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்துகிறது.

கர்ப்பப்பை கெட்டுவிடாது. முறையாகச் செய்த கருக்கலைப்பால் மலட்டுத்தன்மை வருவதில்லை. ‘கலைச்சா அப்புறம் தங்காது’ என்ற பேச்சு, சுத்தமில்லாத கைகளில் சிக்கிக் கிருமித் தொற்று கண்ட பெண்களிடமிருந்து வந்தது. அந்தப் பெண்களும் பெரும்பாலும் எங்காவது திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான்.

தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கை என்னவென்று எனக்குத் தெரியாது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளும் இல்லை. இந்த முடிவை விளையாட்டாக எடுத்த ஒரு பெண்ணைக்கூட நான் சந்தித்ததில்லை என்பது மட்டும் தெரியும். ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்கு இரவெல்லாம் பால் கொடுத்துவிட்டு, மூத்ததைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பும் உங்களுக்கு, உங்கள் தெம்பு எவ்வளவு என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தானாக வளர்ந்த பிள்ளை என்று உலகத்தில் எதுவும் இல்லை. மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது திரையைப் பார்க்க வேண்டாம், இதயத் துடிப்பின் சத்தம் கேட்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். என் நோயாளிகளிடம் நான் முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் திரையைத் திருப்புவேன்.

கணவரிடம் பேச முடியுமென்றால் பேசுங்கள், அனுமதிக்காக அல்ல, உங்கள் நிலைமை அவருக்குப் புரிவதற்காக. பேசினால் அடி விழும் என்ற வீடாக இருந்தால் பேச வேண்டிய கட்டாயமே இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. உங்கள் பெயரையும் விவரங்களையும் மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் ஓராண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

நாளையே அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போங்கள். செலவில்லை. ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் கலைப்போம்’ என்றால் சம்மதிக்க வேண்டாம். அந்த நிபந்தனை சட்டத்தில் கிடையாது. தலைமை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் கருத்தடை பற்றி நீங்களாகக் கட்டாயம் பேசுங்கள். கலைத்த பத்து நாளுக்குள்ளேயே மறுபடி கருமுட்டை வெளியாகலாம். உறிஞ்சி எடுத்தால் அதே வேளையில் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். மாத்திரை என்றால், கரு முழுவதும் வெளியேறிவிட்டதா என்று பார்க்க இரண்டு வாரத்தில் வரச் சொல்வார்கள். உதிரம் நின்றுவிட்டது என்று அந்த நாளைத் தவறவிடாமல் போங்கள், காப்பர்-டியை அன்றைக்கே வைத்துவிடலாம்.