அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள்: வீட்டு கேஸ் வேலை பற்றிக் கேள்வி பதில்

பிரிட்டனில் பாய்லர், கேஸ் அடுப்பு வேலைகளைப் பார்த்துவரும் பதிவுபெற்ற கேஸ் பொறியாளன் நான். குளிர்காலம் நெருங்கினால் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, எங்கள் குழாய் வேலைக்காரர் பல வருடங்களாகத் தெரிந்தவர், நம்பிக்கையானவர். பாய்லரையும் பாதிக் கூலிக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். பதிவு மட்டும்தான் இல்லை. விடலாமா?

வேண்டாம், தம்பி. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தரை நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாய்லரின் புகைக்குழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் எதுவும் காட்டிக்கொடுக்காது. தெருக் குழாயில் வரும் கேஸுக்கு வேண்டுமென்றே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. "கசிந்தால் மூக்குக்குத் தெரியாதா" என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகக் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும்.

உங்கள் ஆள் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. வேலை முடிந்ததும் குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று அளவுமானி வைத்துப் பார்ப்பாரா? புகையை ஆராயும் கருவி அவரிடம் இருக்கிறதா? அதில் வரும் எண்ணைப் படித்துப் பொருள் சொல்வாரா? 1998ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, தொழிலாகக் கேஸ் வேலை செய்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். அதை மீறுவது குற்றம்.

வந்தவர் 'கோர்கி' பதிவு இருக்கிறது என்றார். போதுமா?

போதாது. கோர்கி என்பது பழைய பதிவேடு. 2009 ஏப்ரல் 1 முதல் இங்கே செல்லுபடியாவது கேஸ் சேஃப் பதிவேடுதான். இத்தனை வருடம் கழித்தும் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேஸ் சேஃப் அடையாள அட்டையில் எதைப் பார்க்க வேண்டும், அண்ணா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

கோபித்துக்கொண்டால் நல்லதுதான், அப்போதே தெரிந்துவிடும். சப்பாத்தைக் கழற்றும் முன் அட்டையை நீட்டுவது என் வழக்கம்.

முன்பக்கத்தில் புகைப்படம், நிறுவனத்தின் பெயர், உரிம எண், காலாவதி நாள் ஆகியவை இருக்கும். பெரும்பாலானோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அட்டையைத் திருப்புங்கள், தங்கச்சி. அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பாய்லருக்குத் தகுதி பெற்றவருக்குக் கேஸ் கணப்பைத் தொடும் தகுதி இல்லாமல் இருக்கலாம். குழாய் கேஸில் வேலை செய்பவர் சிலிண்டர் கேஸுக்குத் தனியாகத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நிறுவனத்தின் கீழ் பதிவான பொறியாளர், சனிக்கிழமை தன் சொந்தக் கணக்கில் வந்து வேலை செய்தால் அந்தப் பதிவு அவரைக் காக்காது, உங்களையும் காக்காது. சந்தேகம் இருந்தால் அட்டையிலுள்ள எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடுங்கள், அல்லது 0800 408 5500இல் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிகிறது. வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிவிடுகிறது. யாரை அழைக்கலாம்?

மீதியைப் பிறகு படியுங்கள். அடுப்பை அணையுங்கள், சன்னல் கதவுகளைத் திறங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு 0800 111 999ஐ அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்கும் அவசர எண். மருத்துவரிடம் போகும்போது "கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளானால் ஏதோ சரியில்லை என்று பொருள். சுவரில் கரி படிவது, சன்னல் வழக்கத்துக்கு மாறாக வியர்ப்பது ஆகியவற்றையும் கவனியுங்கள். குளிர் வருகிறதென்று காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறோம். பாய்லருக்கு வருடாந்திரச் சர்வீஸ் தேவையா?

தேவை. வாயு அறைக்குள் வந்த பிறகுதான் கருவி கத்தும். வராமல் தடுப்பது சர்வீஸ். கருவியில் பி.எஸ். இ.என். 50291 என்ற தரக்குறி இருக்கிறதா, காலாவதி நாள் தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் பொறுப்பு என்ன?

12 மாதத்துக்கு ஒருமுறை பதிவுபெற்றவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். சான்றின் நகலைக் குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள்ளும், புதிதாக வருபவருக்குக் குடிபுகும் முன்பும் கொடுக்க வேண்டும். பரிசோதனை வேறு, சர்வீஸ் வேறு. ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு மற்றதும் நடந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

புது பாய்லர் பொருத்தினால் என்ன தாள் கேட்டு வாங்க வேண்டும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொருத்தியவர் 30 நாளுக்குள் உள்ளூராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கட்டட விதிச் சான்றிதழ் உங்களுக்கு வரும். வீட்டை விற்கும் நாளில் வழக்கறிஞர் கேட்கும் தாள் அது. பாய்லருடன் வரும் பதிவுப் புத்தகத்தையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதத்தில் சிக்கல் வந்தால் உற்பத்தியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

நானே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ரேடியேட்டரில் தேங்கிய காற்றை வெளியேற்றலாம். பாய்லர் குளிர்ந்திருக்கும்போது, அதன் கையேட்டைப் பார்த்து, தண்ணீர் அழுத்தத்தை 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை ஏற்றலாம். முன்மூடியைக் கழற்றாதீர்கள். பல பாய்லர்களில் அந்த மூடியே புகை உள்ளே வராமல் அடைக்கும் பகுதி. அழுத்தம் வாரந்தோறும் இறங்கினால் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்காமல் ஆளை அழையுங்கள். எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது, அல்லது சூடாகும் தண்ணீர் விரிய இடம் தரும், உள்ளே இருக்கும் விரிவுக் கலன் பழுதாகிவிட்டது.