பிரிந்த பிறகு அவர் என்மேல் பழி சொல்லித் திரிந்தபோது

கேள்வி: பிரிந்து போன துணை என்னைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொல்கிறார், பொலிசிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

எனக்கும் நடந்தது, அதனால் எழுதுகிறேன். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். எங்களுக்கு எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) மட்டும்தான் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு நாள் வைக்கும் முன்பே, வெளிநாட்டில் இருந்த அவருக்கும் எனக்கும் ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து சித்தியின் போனுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. மண்டபத்துக்கும் நகைக்கும் அனுப்பிய 12 லட்சத்தை நான் சுருட்டிவிட்டேனாம். அவர் அனுப்பியது மூன்று தடவையில் 4 லட்சத்து 80 ஆயிரம். அதையும் அவருடைய அம்மாவின் கணக்கில் திரும்பப் போட்டாயிற்று.

முதல் ஒரு கிழமை நான் செய்தது முழுக்கப் பிழை. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து விளக்கினேன். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் ஒரு மாமியை மறித்து வைத்துக் கணக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "சரி பிள்ளை, ஆனா நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார். அன்றோடு விட்டேன்.

அப்புறம் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கினேன். என்ன சொன்னார், எந்தத் திகதி, யார் மூலம் வந்தது, அவ்வளவுதான் அதில். அழுகை எழுதக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். மெசேஜை அழிக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லி வைத்தேன். வங்கிச் சீட்டுகளைத் தேடி எடுத்தால், ஒன்று வெறும் வெள்ளைத் தாள்! மை இல்லாமல் சூட்டில் அச்சாகும் அந்த வகைக் கடதாசியில் எழுத்து அலமாரிச் சூட்டிலேயே மங்கிவிடும். வங்கிக்குப் போய்க் கணக்குக்கூற்று எடுத்தேன். உங்களிடம் இருக்கும் சீட்டுகளை இன்றைக்கே போட்டோக்கொப்பி எடுங்கள்.

பொலிசில் இருந்து கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு. நான் அண்ணாவோடு போனேன். ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். வெளியே மதிலோரம் ஒரு மான் யாரோ எறிந்த லஞ்ச் சீட்டை நக்கிக்கொண்டிருந்தது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். குரல் நடுங்கியது. இன்னொருவரைக் கூப்பிட்டு வாசித்தபோது, "காசைத் திருப்பித் தர வேண்டும்" என்று இருந்தது. நான் சொன்னது "திருப்பித் தந்துவிட்டேன்". திருத்தினார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஊரில் கதை கட்டியதற்கு அவரைப் பிடித்து உள்ளே போடலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியாது. அவதூறைக் குற்றமாகக் கொள்ளும் பிரிவுகளை 2002இல் நீக்கிவிட்டார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அதுவும் இரண்டு வருடத்துக்குள். பொய் என்று தெரிந்தே பொலிசில் முறைப்பாடு கொடுத்தால் கதை வேறு, தண்டனைச் சட்டக்கோவை 180ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் "தெரிந்தே" என்பதை நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. மிரட்டல், அடி என்று போனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை திருகோணமலையிலும் உண்டு.

என்னை அதிகம் சுட்டது விவாகரத்து மனுதான். நான் அவரை வேண்டுமென்றே கைவிட்டுப் போனேன் என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு சட்டத்தரணி அக்கா விளக்கினார்: எங்கள் பொதுவான திருமணச் சட்டத்தில் "ஒத்துவரவில்லை" என்பது விவாகரத்துக்குக் காரணமே இல்லை, பிறர்தொடர்பு, கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு மாதிரி ஏதாவது ஒன்றை யார்மேலாவது சுமத்தியே ஆக வேண்டும். எனக்கு இது கேவலமான ஏற்பாடாகத்தான் படுகிறது. ஆனால் மனுவில் இருப்பது எல்லாம் வன்மம் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. அழைப்பாணை வந்தால் மூலையில் போட்டுவிடாதீர்கள். மறுமொழி போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே விசாரித்து முடித்துவிடுவார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. போன கிழமை இன்னொரு மெசேஜ் வந்ததாகச் சித்தி சொன்னார். "அனுப்புங்கோ சித்தி, எழுத வேணும்" என்றேன். கொப்பியில் இன்னும் 19 பக்கம் இருக்கிறது.