வாசகர் கேள்வி: வேலூர் ஃபோல்டரை மட்டும் பைத்தான் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறது?

கேள்வி: சார், மண்டித் தெருவில் என் மாமாவின் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். தினமும் சேரும் பில் பிடிஎஃப்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட யூடியூப் பார்த்து பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். டி டிரைவில் கணக்கு என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஊருக்கு ஒன்று, பெயரெல்லாம் ஆங்கிலத்தில் சின்ன எழுத்து. காட்பாடி, வாலாஜா பில்கள் சரியாகப் போகின்றன. வேலூர், ஆற்காடு, ஆம்பூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஐந்துக்கும் எரர். ஃபோல்டர்கள் கண்ணெதிரே இருக்கின்றன, எழுத்துப்பிழையும் இல்லை.
— வாசகர், வேலூர்

பதில்: தம்பி, எந்த ஊர் ஓடுகிறது, எந்த ஊர் ஓடவில்லை என்று பிரித்து எழுதினீர்கள் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஓடாத ஊர்களின் ஆங்கில முதல் எழுத்தைப் பாருங்கள்: வி, ஏ, ஏ, ஆர், டி. எக்ஸ்ப்ளோரரிலிருந்து முகவரியை அப்படியே காப்பி செய்து மேற்கோள் குறிக்குள் ஒட்டியிருப்பீர்கள். அதில் ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) இருக்கும். விண்டோஸுக்கு அது வெறும் தடுப்புக்கோடு. பைத்தானில் மேற்கோளுக்குள் அது வந்தால், அடுத்து வருவது எழுத்து இல்லை, ஒரு கட்டளை என்று அர்த்தம். டி வந்தால் டேப், ஆர் வந்தால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, ஏ வந்தால் மணி அடி, வி வந்தால் செங்குத்து டேப். டெலிபிரிண்டர் காலத்தில் தாளை நகர்த்தவும் மணி அடிக்கவும் வைத்த குறிகள் இவை, இன்றுவரை கூடவே வருகின்றன. கே, டபிள்யூ இரண்டுக்கும் அப்படி எந்த அர்த்தமும் இல்லாததால்தான் காட்பாடியும் வாலாஜாவும் தப்பித்தன. அதுவும் பைத்தான் 3.12 முதல் அவற்றுக்கும் ஓர் எச்சரிக்கை வரும், அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள்.

எரர் வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பைத்தான் அதில் உண்மையான பேக்ஸ்லாஷை இரண்டிரண்டாகத்தான் அச்சிடும். கணக்கு ஃபோல்டருக்கு முன்னால் இரண்டு கோடு இருக்கும். வேலூர் வருகிற இடத்தில் ஒரே ஒரு கோடு, வி காணாமல் போய் அங்கே செங்குத்து டேப்பின் குறியீடான எக்ஸ்0பி நிற்கும், அதன் பின்னால் மிச்ச எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒற்றைக் கோடு எங்கே இருக்கிறதோ, பைத்தான் விழுங்கியது அந்த இடத்தில்தான். இதைப் பார்க்கப் பழகிவிட்டால் பிழையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, திருத்துவது எப்படி? மேற்கோளுக்கு முன்னால் சின்ன ஆர் ஒன்று போட்டால் பைத்தான் எதையும் கட்டளையாக எடுக்காது. ஆனால் அப்படி எழுதும்போது முகவரி பேக்ஸ்லாஷில் முடியக்கூடாது. நான் எப்போதும் எல்லாக் கோட்டையும் சாதாரண ஸ்லாஷாக (/) மாற்றித்தான் எழுதுவேன், விண்டோஸில் பைத்தான் அதைத் தாராளமாக ஏற்கும். விண்டோஸ் பேக்ஸ்லாஷைப் பிடித்துக்கொண்டதற்கும் ஒரு கதை உண்டு. 1983-இல், விண்டோஸுக்கு முன்னோடியான டாஸின் 2.0-வில் ஃபோல்டர் வசதி வந்தபோது, ஸ்லாஷ் ஏற்கெனவே கட்டளைகளின் ஆப்ஷன்களுக்குப் போய்விட்டிருந்தது.

இன்னொன்று. நாளைக்கு ஆண்டுவாரியாக 2025 என்று ஃபோல்டர் போட்டாலும் இதே கதைதான், பேக்ஸ்லாஷுக்குப் பின் வரும் 202 மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாக்கிவிடும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் வைத்தாலோ, பெரிய யூ-வைப் பார்த்ததும் ஸ்கிரிப்ட் தொடங்கவே தொடங்காது.

கேள்வி: நான் டபுள் கிளிக் செய்தால் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. இரவு 9 மணிக்குத் தானாக ஓட டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால், பக்கத்திலேயே இருக்கும் ஊர்ப்பட்டியல் ஃபைலை இல்லை என்கிறது.
— வாசகி, ராணிப்பேட்டை

பதில்: 'நேராகப் போய் இடது பக்கம் மூன்றாவது கடை' என்று வழி சொன்னால், கோட்டை வாசலில் நிற்பவர் ஒரு கடைக்குப் போவார், காட்பாடி ஜங்ஷனில் நிற்பவர் வேறொரு கடைக்குப் போவார். ஃபைல் பெயரை மட்டும் எழுதுவதும் அந்த மாதிரிதான். ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்று பைத்தான் பார்க்காது, எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறதோ அங்கேதான் தேடும். டபுள் கிளிக்கில் அது ஸ்கிரிப்ட்டின் ஃபோல்டர். ஷெட்யூலரில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32.

ஷெட்யூலரின் ஆக்‌ஷன் பகுதியில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை எழுதுங்கள், மேற்கோள் குறி போடாமல். ஆனால் கடைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கும் அன்றைக்கு இது மறந்துபோகும். அதனால் ஸ்கிரிப்ட்டிலேயே, ஃபைல் முகவரிகளைக் கையாளும் பாத்லிப் (pathlib) மூலம் அதன் சொந்த ஃபோல்டரைக் கேட்டு வாங்கி, ஃபைல் பெயரை அதோடு சேர்ப்பதையே சொல்வேன். பாத்லிப் 2014-இல் வந்த 3.4 முதல் பைத்தானோடு கூடவே வருகிறது, தனியாக எதுவும் போட வேண்டாம்.

கேள்வி: குடியாத்தம் பில்கள் ஃபோல்டருக்குள் போகவில்லை, ஆனால் எரரும் இல்லை. பில்களையும் காணோம். ஃபோல்டர் பக்கத்தில் குடியாத்தம் என்று ஏதோ ஒரு ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை.
— வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் ஸ்கிரிப்ட்டை நிறுத்துங்கள், இன்று இரவும் ஓட விடாதீர்கள். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு டி போட்டும் எழுதுகிறார்கள், டிஹெச் போட்டும் எழுதுகிறார்கள். ஃபோல்டரில் ஒன்று, ஸ்கிரிப்ட்டில் இன்னொன்று இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைலை நகர்த்தும் பைத்தானின் ஷட்டில் மூவ் (shutil.move) கட்டளைக்கு நீங்கள் சொன்ன ஃபோல்டர் இல்லாவிட்டால், ஃபைலுக்கே அந்தப் பெயரை வைத்துவிடும். அடுத்த பில் வந்தால் அதன் மேலேயே எழுதும். ஐம்பது பில் போயிருந்தாலும் மிச்சம் கடைசி ஒன்றுதான். அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் புள்ளி பிடிஎஃப் சேர்த்துத் திறந்து பாருங்கள், கடைசி பில் வரும்.

மற்றவை ரீசைக்கிள் பின்னில் இருக்காது, பில்லிங் சாஃப்ட்வேரில் தேதிவாரியாக மறுபடி எடுங்கள். போகுமிடமாக ஃபோல்டரை மட்டும் கொடுக்காமல் ஃபைல் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், அப்போது ஃபோல்டர் இல்லையென்றால் எரர் வந்து நிற்கும், பில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபோல்டர் இல்லாவிட்டால் தானாக உருவாக்கும் வரியை இந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள், இரண்டு குடியாத்தம் உருவாகி பில்கள் பாதி அங்கும் பாதி இங்கும் கிடக்கும்.