அல்ட்ராசவுண்ட் படித்தால் ஸ்கேன் சென்டர் வேலைதானா?

இயற்பியல் முடித்த உங்கள் மகள், செல்களில் அல்ட்ராசவுண்ட் செலுத்தி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். ஸ்கேன் எடுக்கவா பிஎச்டி என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இது வேறு வேலை.

ஸ்கேனில், திரும்பி வரும் எதிரொலி படமாகிறது. இவள் சொல்லும் துறையில் ஒலியை ஓர் இடத்தில் குவித்து, செல்லைத் தொடாமலே தள்ளுகிறார்கள். செல் சவ்வில் பீசோ1 என்றொரு புரதம் உண்டு. சவ்வு இழுபட்டால் அது திறந்து கால்சியத்தை உள்ளே விடும். பீசோ புரதங்களை 2010இல் கண்டறிந்த குழுவின் தலைவர் ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021 மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது.

கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, ஒலித்துடிப்பு கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒளிர்ந்துவிட்டதா? சரி, தலைவலி அங்கேதான் ஆரம்பம். ஒளிர்ந்தது விசையாலா, சூட்டாலா? திரவத்தில் குமிழி எதுவும் உண்டாகி வெடித்ததா? செல்கள் இருக்கும் தட்டின் அடியில் பட்டுத் திரும்பிய ஒலி கணக்கைக் குழப்பியதா? 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் தண்ணீரில் சுமார் 1.5 மில்லிமீட்டர், அதன் குவியத்துக்குள் ஒரு செல் கூட்டமே அடங்கிவிடும். 30 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அலைநீளம் 50 மைக்ரானுக்கு, அதாவது 0.05 மில்லிமீட்டருக்கு, இறங்கும். தனிச் செல்லைக் குறிவைப்பதைப் பற்றி அப்போதுதான் பேசவே முடியும். இதெல்லாம் இயற்பியல் மாணவிக்குச் சட்டென்று பிடிபடும். உயிரியல் படிக்கவில்லையே என்று அவள் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் செல் கல்ச்சர், அதாவது லேபில் செல்களை வளர்ப்பது, கைப்பழக்கத்தில்தான் வரும். பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு லேபில் ஆறு மாதம் புராஜெக்ட் உதவியாளராக இருக்கட்டும். பைத்தானில் படப் பகுப்பாய்வும் பழகட்டும். வழிகாட்டியைச் சந்திக்கும்போது, “செல் இருக்கும் இடத்தில் ஒலி அழுத்தத்தை எப்படி அளக்கிறீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் ஒலி அழுத்தத்தை அளக்கும் மைக்) வைத்து அளந்த கணக்கைக் காட்டினால் நல்ல லேப். கருவிக்குக் கொடுத்த வோல்டேஜை மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

வேலைக்கு வருவோம். இந்தத் துறையின் பெயரிலேயே விளம்பரங்கள் அதிகம் வராது. பேராசிரியர் பதவிகளும் குறைவு, காத்திருப்பு நீளம். மருத்துவக் கருவி நிறுவனங்கள் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். குவித்த அல்ட்ராசவுண்டால் கை நடுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் ஒப்புதல் தந்தது. கல்லீரல் கட்டிகளை ஒலியால் சிதைக்கும் ஹிஸ்டோட்ரிப்ஸிக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. இப்படிப்பட்ட கருவிகளை அளக்க, சோதிக்க, திசுவுக்கு எது பாதுகாப்பு என்று சொல்ல, ஒலியும் செல்லும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

கடன் வாங்க அவசரப்படாதீர்கள். உதவித்தொகை தரும் இடங்களுக்கே முதலில் விண்ணப்பிக்கட்டும். கட்டணம் கட்டச் சொல்லும் இடம் வந்தால், கையெழுத்துக்கு முன் அந்தக் கடிதத்தோடு என்னிடம் வாருங்கள்.